காலநிலையும் ஆற்றலும்: சொற்கள் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காலநிலை மாற்றம், ஆற்றல் ஆகிய இரண்டையும் பற்றிய சொற்களின் பொருளைக் கேட்டிருந்தன. ஆகவே இப்பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருள் குறித்துப் பலர் எழுதியிருந்தால், அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்துள்ளோம்.

கேள்வி: வானிலை, காலநிலை, பருவநிலை, தட்பவெப்பநிலை ஆகிய நான்கையும் நாளிதழ்கள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக எழுதுகின்றன. பள்ளி ஆசிரியையான நான் வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுப்பது? “இந்த ஆண்டு குளிர் கடுமையாக இருந்ததே, பூமி எங்கே சூடாகிறது?” என்று ஒரு மாணவர் கேட்டபோது பதில் சொல்லத் தடுமாறினேன்.

பதில்: உங்கள் மாணவரின் கேள்வியிலேயே இச்சொற்களைப் பிரித்தறிய வேண்டியதன் காரணம் அடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் ஒரு மணி நேரத்திலோ ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ நிலவும் வெப்பம், மழை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றின் நிலை வானிலை. அதே இடத்தில் இவையெல்லாம் நீண்ட காலம் எப்படி இருந்துவருகின்றன என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது காலநிலை. நீண்ட காலம் என்பதற்கு உலக வானிலை அமைப்பு வகுத்துள்ள வழக்கமான அளவு 30 ஆண்டுகள். ஆகவே ஒரு குளிர்காலத்தின் கடுமை வானிலைச் செய்தியாகும். முப்பது குளிர்காலங்களின் சராசரியும், அந்தச் சராசரியிலிருந்து அவை எவ்வளவு விலகின என்பதும்தான் காலநிலைச் செய்தி. ஒரு மாணவர் ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்ததைக் கொண்டு அவருடைய பத்தாண்டுப் படிப்பை மதிப்பிடமாட்டோம் அல்லவா? அதை அந்த மாணவரிடமே சொல்லலாம், உடனே புரிந்துகொள்வார்.

பருவநிலை மாற்றம் என்ற சொல் செய்திகளில் வேரூன்றிவிட்டது. அதைத் தவறென்று தள்ள முடியாது. ஆனால் பருவம் என்பது ஆண்டுக்குள் மாறிமாறி வருவது. கோடை போய் மழைக்காலம் வருவதும் பருவநிலை மாறுவதுதான் என்று ஒரு குழந்தை நினைத்தால், அது சொல்லின் குறையே தவிரக் குழந்தையின் குறை அன்று. தட்பவெப்பநிலை என்பதிலோ தட்பம், வெப்பம் ஆகிய குளிரும் சூடும் மட்டுமே இருக்கின்றன. மழைக்கும் காற்றுக்கும் அதில் இடமில்லை. எனவே வகுப்பறைக்கு வானிலை, காலநிலை ஆகிய இரண்டே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: முன்பு ‘புவி வெப்பமடைதல்’ என்றார்கள், இப்போது ‘காலநிலை மாற்றம்’ என்கிறார்கள். வெப்பம் உயராததால்தான் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உண்மையில்லை. 1975-இல் வாலஸ் புரோக்கர் என்ற அமெரிக்க அறிவியலாளர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இவ்விரு தொடர்களும் அருகருகே இருந்தன. ஐ.நா. அமைப்புகள் 1988-இல் அமைத்த ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு) என்ற அமைப்பின் பெயரில் அன்றே இருந்தது ‘காலநிலை மாற்றம்’தான். இவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. ஒன்று காரணத்துக்கு நெருக்கமானது, மற்றொன்று விளைவுகள் அனைத்தையும் தழுவியது. பூமியின் மேற்பரப்புச் சராசரி வெப்பநிலை உயர்வது புவி வெப்பமடைதல். அதனால் மழை பெய்யும் முறை மாறுவது, வறட்சி நீள்வது, கடல் மட்டம் உயர்வது, பனி உருகுவது எல்லாம் சேர்ந்தது காலநிலை மாற்றம். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும்; பெருமழை மேலும் பெருமழையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மழையைப் பற்றிப் பேசும்போது வெப்பம் என்ற ஒற்றைச் சொல் போதாது என்பதால்தான் அகன்ற சொல் தேவைப்பட்டது.

கேள்வி: பசுமை ஆற்றல் நல்லது, பசுமை ஹைட்ரஜன் நல்லது, ஆனால் பசுமை இல்ல வாயு மட்டும் கெட்டது என்கிறார்கள். ‘பசுமை இல்ல’ என்பதைப் ‘பசுமை இல்லாத’ என்றே நான் நெடுநாள் படித்துவந்தேன். இந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில்: உங்களைப் போலவே படித்தவர்கள் வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். ‘இல்ல’ என்பது இங்கே வீட்டைக் குறிக்கும் இல்லம். குளிர் நாடுகளில் செடிகளைக் காப்பதற்காகக் கண்ணாடியால் கட்டப்படும் வீடு பசுமை இல்லம். சிலர் பசுமைக்குடில், பைங்குடில் என்றும் எழுதுவார்கள். அதில் பசுமை என்பது உள்ளே வளரும் செடிகளின் நிறம். பசுமை ஆற்றல் என்னும்போதோ அது சூழலுக்குத் தீங்கு செய்யாமை என்ற உருவகப் பொருளில் வருகிறது. ஒரே அடைமொழி இரண்டு பொருளில் வருவதால்தான் இந்தக் குழப்பம். என் விருப்பம் பசுமைக்குடில் வாயு என்பதே. ‘இல்லாத’ என்ற மயக்கத்துக்கு அதில் வழியில்லை.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணாடிக் குடில் சூடாக இருப்பதற்குத் தலையாய காரணம், உள்ளே சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் கண்ணாடி தடுப்பதுதான். 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் இதைச் சோதனை செய்து எழுதினார். வளிமண்டலத்தில் நடப்பது வேறு. சூரிய ஒளி காற்றைப் பெரும்பாலும் ஊடுருவி வந்து நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. சூடான தரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, நீராவி போன்ற வாயுக்கள் அந்தக் கதிர்களை உறிஞ்சி எல்லாத் திசைகளிலும் மீண்டும் வெளிவிடுகின்றன. அதில் ஒரு பகுதி தரைக்கே திரும்பி வருகிறது. இந்த வாயுக்கள் அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும். இவை இருப்பதால்தான் அது 15 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. ஆகவே இவ்வாயுக்கள் இயல்பிலேயே கெட்டவை என்பதும் சரியன்று. நம்மை உயிரோடு வைத்திருக்கும் போர்வை அது. அதை நாம் தடிமனாக்கிக்கொண்டே போவதுதான் கேடு.

இந்த அறிவு நேற்று வந்ததும் அன்று. வளிமண்டலம் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்ற கருத்தை 1824-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே எழுதினார். 1856-இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு இருந்த உருளையே மிகவும் சூடானதைக் கண்டார். அந்த வாயு கூடுதலாக இருந்தால் பூமி மேலும் வெப்பமாக இருக்கும் என்று அவர் அன்றே முடிவு கூறியது, பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. 1859 முதல் ஜான் டிண்டல் எந்தெந்த வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சுகின்றன என்று அளந்து காட்டினார். 1896-இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் அரேனியஸ், கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் வெப்பம் எவ்வளவு உயரும் என்று கையாலேயே கணக்குப் போட்டார்.

கேள்வி: காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்குதான் கார்பன் டை ஆக்சைடு என்று படித்தேன். இவ்வளவு சிறிய அளவு எப்படிப் பூமியையே சூடாக்கும்?

பதில்: உலர்ந்த காற்றில் 99.9 விழுக்காட்டுக்கும் மேலாக இருப்பவை நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் ஆகிய மூன்று. இவை அகச்சிவப்புக் கதிர்களை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வேலையைப் பொறுத்தவரை காற்றின் பெரும்பகுதி கணக்கிலேயே வராது. எஞ்சியுள்ள சிறுபகுதிதான் அந்த வேலை முழுவதையும் செய்கிறது. அச்சிறுபகுதியில் கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது. ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதாவது முன்பிருந்ததைப் போல ஒன்றரை மடங்கு.

கேள்வி: கார்பன் உமிழ்வு, கரியமில வாயு உமிழ்வு இரண்டும் ஒன்றா? ஓர் இடத்தில் ஆண்டுக்கு 1,000 கோடி டன் என்றும், மற்றோர் இடத்தில் 3,700 கோடி டன் என்றும் எழுதியிருக்கிறார்களே?

பதில்: இரண்டு எண்களும் சரியானவையே; எடை போட்ட பொருள்தான் வேறு. கார்பன் அணுவின் நிறை 12. அது இரண்டு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகும்போது நிறை 44. எனவே ஒரு டன் கார்பன் எரிந்தால் ஏறத்தாழ 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். கார்பனை மட்டும் எடைபோட்டவர் 1,000 கோடி என்றார். வாயுவை எடைபோட்டவர் 3,700 கோடி என்றார். கரியமில வாயு என்பது கார்பன் டை ஆக்சைடின் பழைய தமிழ்ப் பெயர். அந்த வாயு நீரில் கரைந்து அமிலமாவதால் கரி, அமிலம் என்ற இரண்டையும் சேர்த்து அமைந்தது. இலங்கைப் பாடநூல்களில் காபனீரொட்சைட்டு என்று காண்பீர்கள்.

‘கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான அளவு’ என்று ஒரு தொடரும் அறிக்கைகளில் வரும். மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களின் சூடாக்கும் வலிமையைக் கார்பன் டை ஆக்சைடின் கணக்கில் மாற்றிச் சொல்வது அது. இங்கே கால அளவைக் கேட்காமல் எண்ணை நம்பக் கூடாது. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்குகிறது. ஆனால் தங்கும் காலத்தில் மிகக் கடுமையாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஆகவே 100 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பார்கள்; 20 ஆண்டுக் கணக்கிலோ அது 80 டன்னுக்குச் சமம். மீத்தேன் கசிவைச் சிறிதாகக் காட்ட விரும்புபவர் முதல் எண்ணை எடுப்பார், பெரிதாகக் காட்ட விரும்புபவர் இரண்டாவதை எடுப்பார். படிப்பவர் கேட்க வேண்டியது ‘எத்தனை ஆண்டுக் கணக்கு?’ என்ற ஒரே கேள்வியைத்தான்.

கேள்வி: ஆற்றல், சக்தி, திறன், வலு, எரிசக்தி, மின்சாரம்: இவற்றில் எது எதைக் குறிக்கிறது? “இந்த நிலையம் ஆண்டுக்கு 100 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்யும்” என்ற செய்தியைப் படித்தால் நான் என்ன புரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: வேலை செய்வதற்கான இருப்பே ஆற்றல்; அந்த ஆற்றல் எவ்வளவு வேகத்தில் செலவாகிறது அல்லது கிடைக்கிறது என்பது திறன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்விரு சொற்களையும் இவ்வாறே பயன்படுத்துகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ஆற்றலைச் சக்தி என்றும், திறனை வலு என்றும் குறிப்பார்கள். இரண்டு மரபுகளும் முறையானவை. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். எரிசக்தி என்பது எரிபொருளிலிருந்து கிடைக்கும் சக்தியைச் சொல்லப் பிறந்த சொல்லாகத் தோன்றுகிறது. இன்று காற்று, சூரிய ஒளி, நீர் எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்குகிறது. காற்றாலையில் எதுவும் எரிவதில்லை என்பதால், அங்கே ஆற்றல் என்றே எழுதுவது எனக்கு உகந்ததாகப் படுகிறது.

திறனின் அலகு வாட். ஆற்றலின் அலகு ஜூல். நாம் மின் கட்டணத்தில் காணும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் இயங்கினாலும், 10 வாட் விளக்கு 100 மணி நேரம் எரிந்தாலும் செலவாவது அதே ஒரு யூனிட்தான். வாட் என்ற அலகுக்குள்ளேயே ‘ஒரு நொடிக்கு’ என்ற காலம் அடங்கியிருக்கிறது. எனவே ‘ஆண்டுக்கு 100 மெகாவாட்’ என்பது ‘ஆண்டுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்’ என்பதைப் போலப் பொருளற்ற தொடர்.

அச்செய்தியை எழுதியவர் சொல்ல வந்தது பெரும்பாலும் நிலையத்தின் நிறுவுதிறனை, அதாவது அது முழு வீச்சில் இயங்கும்போது எட்டக்கூடிய உச்சத் திறனை. ஆண்டு முழுவதும் எந்த நிலையமும் உச்சத்திலேயே இயங்குவதில்லை. 100 மெகாவாட் நிலையம் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 87.6 கோடி யூனிட் கிடைக்கும். சூரிய ஒளி நிலையத்துக்கு இரவும் மேகமும் உண்டு. நல்ல வெயில் விழும் இடத்தில் இந்த உச்சக் கணக்கில் 20 விழுக்காடு அளவே கிடைத்தால் 17.52 கோடி யூனிட்தான் வரும். அதே 100 மெகாவாட் அணுமின் நிலையம் 90 விழுக்காட்டில் இயங்கினால் 78.84 கோடி யூனிட் வரும். ஆகவே நிறுவுதிறன்களை மட்டும் ஒப்பிட்டு ‘சூரிய மின்சாரம் நிலக்கரியை முந்திவிட்டது’ என்று யாராவது எழுதினால், முந்தியது நிறுவுதிறனா, உற்பத்தியா என்று கேளுங்கள்.

மற்றொரு மயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் ஆற்றலின் ஒரு வடிவம் மட்டுமே. உலகில் மக்கள் இறுதியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகச் செல்கிறது. வாகனங்களும் கப்பல்களும் உலைகளும் எரிபொருளை நேரடியாகவே எரிக்கின்றன. ஒரு நாட்டின் மின்சாரத்தில் பாதி காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வருகிறது என்பதை ‘ஆற்றலில் பாதி’ என்று மொழிபெயர்த்தால் செய்தி பல மடங்கு பெருத்துவிடும்.

கேள்வி: புதைபடிவ எரிபொருள் என்றால் டைனோசர் எலும்பிலிருந்து வந்த எண்ணெய்தானே?

பதில்: இல்லை. நிலக்கரியின் பெரும்பகுதி சதுப்பு நிலக் காடுகளிலிருந்து வந்தது. அவற்றில் மிகச் செழிப்பான படிவுகள் பல 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை, டைனோசர்களுக்கும் மூத்தவை. கச்சா எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் முதன்மையாகக் கடலில் வாழ்ந்த மிக நுண்ணிய உயிர்களும் பாசிகளும் சேற்றில் புதைந்து அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறியதால் உண்டானவை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மண்ணுக்குள் போன கார்பனை இருநூறு முந்நூறு ஆண்டுகளில் காற்றுக்குத் திருப்புகிறோம் என்பதே இப்பெயரில் நினைவில் கொள்ள வேண்டியது.

கேள்வி: புதுப்பிக்கத்தக்க ஆற்றல், மரபுசாரா ஆற்றல், தூய ஆற்றல், கார்பனற்ற ஆற்றல் என்பவை எல்லாம் ஒன்றா? அணுமின்சாரம் இவற்றில் எதில் சேரும்?

பதில்: ஒன்றல்ல. புதுப்பிக்கத்தக்கது என்பது வளம் தீருமா தீராதா என்பதைப் பற்றியது: வெயில், காற்று, ஓடும் நீர், நிலத்தடி வெப்பம், கடல் அலை, மீண்டும் வளரும் தாவரம். மரபுசாராதது என்பது அச்சொல் பிறந்த காலத்தில் வழக்கத்தில் இல்லாதது என்று மட்டுமே பொருள்படும். சூரியத் தகடுகள் எங்கும் பரவிவிட்ட இன்று அச்சொல்லை விட்டுவிடலாம். கார்பனற்றது என்பது உமிழ்வைப் பற்றியது. தூயது என்பதற்குத் திட்டவட்டமான வரையறையே இல்லை. அதைச் சொல்பவர் எதைச் சேர்க்கிறார் என்று பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

யுரேனியம் தோண்டி எடுக்கப்படும் தாது என்பதால் அணுமின்சாரம் வழக்கமாகப் புதுப்பிக்கத்தக்கதில் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் அதன் உமிழ்வு மிகக் குறைவு. விறகும் தாவரக் கழிவும் இதற்கு நேர்மாறு: வளர்ந்துகொண்டே இருப்பதால் புதுப்பிக்கத்தக்கவை, எரிக்கும்போதோ கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்ந்தால்தான் அது திரும்ப உறிஞ்சப்படும். காடு மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

முற்றிலும் கார்பனற்ற ஆற்றல் என்று எதுவும் இல்லை. நிலையத்தைக் கட்டும் சிமென்ட், எஃகு, சுரங்கம், கழிவகற்றல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதற்கு வாழ்நாள் உமிழ்வு என்று பெயர். ஐபிசிசி 2014-இல் தந்த நடு மதிப்புகளின்படி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம், இயற்கை எரிவாயு 490, பெரிய சூரிய ஒளி நிலையம் 48, நீர் மின்சாரம் 24, அணுமின்சாரம் 12, நிலத்தில் அமைந்த காற்றாலை 11 கிராம். குறைந்த கார்பன் ஆற்றல் என்ற சொல்லே இந்த எண்களுக்கு நேர்மையானது. இயற்கை எரிவாயு நிலக்கரியைவிட மேல் என்பதும், அது குறைந்த கார்பன் ஆற்றல் அன்று என்பதும் இந்த எண்களிலேயே தெரிகின்றன. எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் வழியில் கசியும் அளவு கூடினால் அந்த மேன்மையும் தேய்ந்துபோகும்.

கேள்வி: ஹைட்ரஜன் நிறமற்ற வாயு என்று படித்தோம். சாம்பல், நீலம், பசுமை என்று நிறம் சொல்கிறார்களே?

பதில்: நிறம் வாயுவுக்கு அல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்கு. இயற்கை எரிவாயுவை நீராவியோடு வினைபுரியச் செய்து, உண்டாகும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விட்டுவிட்டால் சாம்பல் ஹைட்ரஜன். அந்தக் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிலத்தடியில் சேமித்தால் நீல ஹைட்ரஜன். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்தால் பசுமை ஹைட்ரஜன். மூன்றும் வெளிவரும்போது ஒரே வாயுதான். ஹைட்ரஜனை ஆற்றல் மூலம் என்று எழுதுவதும் பொதுவாகப் பொருந்தாது. வேறோர் ஆற்றலைச் செலவிட்டுத்தான் அதைப் பெறுகிறோம். மின்சாரத்தைப் போல அதுவும் ஆற்றலைச் சுமந்து செல்வதே.

கேள்வி: ‘நேர்மறைப் பின்னூட்டம்’ ஏற்படுகிறது என்று ஒரு கட்டுரையில் இருந்தது. நேர்மறை என்றால் நல்லதுதானே? ஏன் கவலைப்படுகிறார்கள்?

பதில்: இங்கே நேர்மறை என்பது கணக்கிலுள்ள கூட்டல் குறியைப் போன்றது, நன்மை தீமையைச் சொல்வதன்று. ஒரு மாற்றம் தன்னைத் தானே மேலும் பெருக்கிக்கொண்டால் அது நேர்மறைப் பின்னூட்டம். தன்னைத் தானே அடக்கிக்கொண்டால் எதிர்மறைப் பின்னூட்டம். புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும்; திறந்த கடல் நீரோ பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வெப்பத்தால் பனி உருகினால் கருநிறக் கடல் வெளிப்படும், அது கூடுதல் வெப்பத்தை உறிஞ்சும், அதனால் மேலும் பனி உருகும். இதைத் தன்பெருக்க விளைவு என்று எழுதினால் பொதுவாசகர் ஏமாறமாட்டார்; நான் அப்படி எழுதுவதையே விரும்புகிறேன்.

கேள்வி: பனிப்பாறை உருகினால் கடல் மட்டம் உயரும் என்கிறார்கள். ஆனால் தம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தாலும் நீர் வழிவதில்லையே?

பதில்: உங்கள் தம்ளர் சோதனை சரியானது; ‘பனிப்பாறை’ என்ற சொல்தான் பல பொருள்களைச் சுமந்து நிற்கிறது. கடலில் மிதக்கும் பனிப்பாறையும், கடல் நீரே உறைந்த கடற்பனியும் உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய மாறாது. மலைச்சரிவில் மெல்ல நகரும் பனியாறும், கிரீன்லாந்தையும் அண்டார்டிகாவையும் மூடியிருக்கும் கண்டப் பனியாறும் நிலத்தின் மேல் இருப்பவை. அவை உருகிக் கடலைச் சேர்ந்தால் மட்டம் உயரும். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் ஏறத்தாழ 7 மீட்டர், அண்டார்டிகப் பனி முழுவதும் உருகினால் 58 மீட்டர் அளவுக்குக் கடல் உயரும் என்பது கணக்கு. அதற்கு மிக நெடுங்காலம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பனியே இல்லாமலும் கடல் உயரும்: நீர் சூடானால் விரிவடைகிறது.

கேள்வி: ஓசோன் ஓட்டையால்தானே பூமி சூடாகிறது?

பதில்: அல்ல. ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது. அது மெலிந்தது குளிரூட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களால். 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்பாடு அவற்றைக் கட்டுப்படுத்தியது. படலம் மெல்ல மீண்டுவருகிறது. அந்த வேதிப்பொருள்கள் வலிமையான பசுமைக்குடில் வாயுக்களாகவும் இருப்பது உண்மையே. அவ்வளவில்தான் இரண்டுக்கும் தொடர்பு.

கேள்வி: ஒரு நாளிலேயே வெப்பம் 10 டிகிரி ஏறி இறங்குகிறது. 1.5 டிகிரி உயர்வுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம் என்றும் சொல்கிறார்களே?

பதில்: ஓரிடத்தின் ஒரு நாள் வெப்பமும், பூமி முழுவதன் ஆண்டுச் சராசரியும் ஒரே அலகில் சொல்லப்பட்டாலும் ஒப்பிடத்தக்கவை அல்ல. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கண்டங்களின் பெரும்பரப்புகள் பனியில் மூழ்கிக் கடல் மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 5 முதல் 7 டிகிரி மட்டுமே குறைவு. அந்த அளவுகோலில் வைத்துத்தான் 1.5 டிகிரியைப் பார்க்க வேண்டும்.

இந்த உயர்வு 1850 முதல் 1900 வரையான சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்பாடு உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே நிறுத்தவும், 1.5 டிகிரிக்குள் கட்டுப்படுத்த முயலவும் ஒப்புக்கொண்டது. 2024 முழு ஆண்டின் சராசரி 1.5 டிகிரியைத் தாண்டியது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஆனால் உடன்பாட்டின் எல்லை பல ஆண்டுகளின் சராசரியைக் குறிப்பது. தனியோர் ஆண்டு தாண்டியதால் உடன்பாடு முறிந்துவிட்டதாகாது.

கேள்வி: ‘நிகர சுழிய உமிழ்வு’ என்றால் புகையே விடமாட்டோம் என்று பொருளா?

பதில்: இல்லை, அந்தத் தொடரின் பாரம் முழுவதும் ‘நிகர’ என்ற முதற்சொல்லில் இருக்கிறது. காற்றில் சேர்ப்பதும் காற்றிலிருந்து எடுப்பதும் சமமாகும்போது நிகரம் சுழியம். வளிமண்டலத்தை ஓர் ஏரியாக எண்ணுங்கள். கால்வாய் வழியே வரும் நீரைப் பாதியாகக் குறைத்தாலும், வெளியேறுவதைவிட வருவது கூடுதலாக இருக்கும்வரை ஏரி நிறைந்துகொண்டேதான் இருக்கும். கொஞ்சம் மெதுவாக நிறையும், அவ்வளவுதான். ‘உமிழ்வு குறைந்தது’ என்ற செய்தியைக் ‘காற்றிலுள்ள அளவு குறைந்தது’ என்று படிப்பவர்கள் பலர். முதலாவது கால்வாய், இரண்டாவது ஏரி. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ பாதியைக் கடலும் நிலத்துத் தாவரங்களும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய பாதி காற்றிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஐபிசிசியின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை, 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால் உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு 2050-ஐ ஒட்டி நிகர சுழியத்தை எட்ட வேண்டும் என்றது. ஒரு நிறுவனமோ அரசோ இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது மூன்றைப் பாருங்கள்: எந்த ஆண்டு, எந்தெந்த வாயுக்கள், அதில் எவ்வளவு உமிழ்வைக் குறைப்பதாலும் எவ்வளவு ஈடுசெய்வதாலும் வருகிறது என்பது. மரம் நட்டு ஈடுசெய்வதாகச் சொல்வது எளிது. ஆனால் அந்த மரம் தீப்பிடித்தாலோ வெட்டப்பட்டாலோ சேர்த்த கார்பன் திரும்பிவிடும். நிலக்கரியிலிருந்து வெளிவந்த கார்பனோ நூற்றாண்டுகளையும் தாண்டி அதன் பாதிப்பைத் தொடரும். இந்தக் கால வேறுபாட்டை மறைத்துக்கொண்டு சுழியம் என்று எழுதுவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கேள்வி: தணிப்பு, தகவமைப்பு, ‘இழப்பும் சேதமும்’ ஆகியவற்றை விளக்குங்கள். கடைசிச் சொல்லை இழப்பீடு என்று மொழிபெயர்க்கலாமா?

பதில்: உமிழ்வைக் குறைப்பதும் காற்றிலிருந்து கார்பனை எடுப்பதும் தணிப்பு. மாறிவிட்ட காலநிலையோடு வாழ நம்மைச் சீரமைத்துக்கொள்வது தகவமைப்பு: கடற்கரையில் அலையாத்திக் காட்டைக் காப்பது, வெப்ப அலைக்கு முன்னெச்சரிக்கை தருவது, வறட்சி தாங்கும் விதையைத் தேர்வது. சில செயல்கள் இரண்டிலும் சேரும். அலையாத்திக் காடு அலையையும் தடுக்கிறது, கார்பனையும் சேர்க்கிறது.

இரண்டும் கைகொடுக்காத இடத்தில் நேர்வது இழப்பும் சேதமும். சேதம் என்பது சரிசெய்யக்கூடியது, இடிந்த பாலத்தைப் போல. இழப்பு என்பது திரும்பாதது: கடலில் மூழ்கிய தீவு, உவர்நீர் புகுந்து பாழான விளைநிலம், உயிர்கள், முன்னோர் அடக்கமான மண். இதற்கென ஒரு நிதியை அமைப்பதற்கு 2022-இல் எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன.

இழப்பீடு என்று மொழிபெயர்ப்பது தவறாகும். குற்றம் செய்தவர் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி தர வேண்டியது இழப்பீடு. பாரிஸ் உடன்பாட்டை ஏற்ற 2015-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், இழப்பும் சேதமும் பற்றிய உடன்பாட்டின் எட்டாம் பிரிவு பொறுப்பேற்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. சிறு தீவு நாடுகள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது பொறுப்பேற்பை. ஒப்பந்தத்தில் கிடைத்திருப்பது உதவி. செய்தியாளர் இழப்பீடு என்று எழுதிவிட்டால், இன்னும் கிடைக்காத ஒன்று கிடைத்துவிட்டதாக அந்த மக்களின் பெயரால் நாம் அறிவித்துவிடுகிறோம்.